ஒப்புமையும் இலக்கமும்

கணினிக்கும் திரைக்கும் இடையிலே கிடக்கும் வடத்தைப் பற்றிச் சிந்திப்போர் அரியர். கணினியின் ஆற்றலைப் பேசுவோர் உளர். திரையின் பருமனையும் ஒளிர்வையும் பேசுவோர் உளர். இரண்டையும் இணைக்கும் வடமோ மேசையின் அடியில் தூசு படிந்து கிடந்து, காலில் இடறும்போது மட்டுமே நினைவுக்கு வருகின்றது. ஆயினும் திரையில் நாம் காண்பது யாதாயினும் அது அவ்வடத்தின் வழியே வந்தாகவேண்டும். வடம் எதனைச் சுமக்கின்றது, எவ்வாறு சுமக்கின்றது என்பதைப் பொறுத்தே நாம் காண்பது எத்துணை மெய்யானது என்பதும் அமைகின்றது.

இப்பொருள் பற்றி எழுத என்னைத் தூண்டியது அறிவியல் ஆர்வம் மட்டுமன்று. நமது சங்கத்தின் அலுமாரியில் இரண்டு தட்டுக்கள் நிறைய ஒளிநாடாக்கள் உள்ளன. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் பதிவு செய்யப்பட்ட கூத்துக்களும் நாடகங்களும் நினைவுப் பேருரைகளும் அவற்றிலே அடங்கியுள்ளன. அவற்றை இலக்கமுறைக்கு மாற்றவேண்டுமெனச் சென்ற பொதுக்கூட்டத்தில் எல்லோரும் உடன்பட்டனர். எவ்வாறு மாற்றுவது என்பதிலும், மாற்றியபின் நாடாக்களை என்செய்வது என்பதிலுமே கருத்து வேற்றுமை எழுந்தது. “கணினியில் ஏற்றிவிட்டால் பின்னர் நாடா எதற்கு?” என்று வினவியோர் சிலர். இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் ஒப்புமை, இலக்கம் என்னும் இருமுறைகளின் இயல்பையும் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். விரிவுரை மண்டபக் கருவிகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் நான் கண்டவற்றை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றேன்.

‘அனலொக்’ எனப்படுவதை ஒப்புமை முறை என்றும் ‘டிஜிற்றல்’ எனப்படுவதை இலக்கமுறை என்றும் நமது பாடநூல்கள் வழங்குகின்றன. இவை பொருத்தமான சொற்களே. ஒப்புமையாவது ஒன்றைப் போல மற்றொன்று அமைதல். படத்தில் ஒளி மிகுமிடத்துக் கம்பியின் மின்னழுத்தமும் மிகும். ஒளி குன்றுமிடத்து அதுவும் குன்றும். ஒளியின் ஏற்றத்தாழ்வுக்கு மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு உவமையாகின்றது. உவமைக்கெனத் தனியொரு இயலையே தொல்காப்பியம் வகுத்திருக்க, தமிழ் பயில்வோர்க்கு இக்கருத்து புதிதாக இராது. இலக்கமுறையில் உவமைக்கு இடமில்லை. ஒளி இவ்வளவு என்று அளந்து, அவ்வளவினை ஓர் எண்ணாக்கி, அவ்வெண்ணையே அனுப்புவது அது.

ஒப்புமை பழையது, இலக்கம் புதியது என்று பலரும் கருதுகின்றனர். கணினித் திரையின் வரலாறு அவ்வாறு நேர்கோட்டிற் செல்லவில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட முதலாவது வண்ணத் திரையிணைப்பு இலக்கமுறையிலேயே அமைந்திருந்தது. நான்கு கம்பிகள், ஒவ்வொன்றிலும் மின் உண்டு அல்லது இல்லை, ஆகவே பதினாறு நிறங்கள். 1984இல் கம்பிகள் ஆறாயின. நிறங்கள் அறுபத்து நான்காயின. மேலும் நிறங்கள் வேண்டுமாயின் மேலும் கம்பிகள் வேண்டும் என்ற நிலை தோன்றவே, அந்நிறுவனம் 1987இல் ஒப்புமை முறைக்குத் திரும்பியது. அவ்வாறு பிறந்ததே வி.ஜி.ஏ. எனப்படும் இணைப்பு. நமது மண்டபங்களில் நெடுங்காலம் ஆட்சி புரிந்த, பதினைந்து ஊசிகள் மூன்று வரிசையில் அமைந்த, இரு பக்கமும் திருகாணி கொண்ட நீலநிறச் செருகி அதுவே.

அப்பதினைந்தனுள் படத்தைச் சுமப்பனவற்றிற் தலையாயவை ஐந்து. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுக்கு ஒவ்வொன்று. ஒவ்வொரு கிடைவரியும் தொடங்கும் கணத்தையும் முழுப்படம் தொடங்கும் கணத்தையும் அறிவிப்பதற்கு இரண்டு. நிறக் கம்பியில் மின்னழுத்தம் இல்லையெனின் கருமை, 0.7 வோல்ற்று எனின் அந்நிறத்தின் முழு ஒளி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவுகள் அனைத்தையும் அவ்வொரே கம்பி சுமக்க வல்லது. அவ்விணைப்புத் தோன்றிய நாளிலேயே 262,144 நிறங்களை அது காட்டிற்று.

அக்காலத்துத் திரைகளுக்கு இம்முறை மிகவும் இயைந்ததாயிற்று. கார்ல் பேர்டினந்து பிரவுண் 1897இல் அமைத்த கதோட்டுக் கதிர்க் குழாயின் வழித்தோன்றல்களே அத்திரைகள். குழாயினுள்ளே இலத்திரன் கற்றை ஒன்று இடமிருந்து வலமாக வரிவரியாக ஓடும். மின்னழுத்தம் மிகக் கற்றை வலுக்கும்; கற்றை வலுக்கத் திரை ஒளிரும். அக்குழாய் எண்ணறியாது; அழுத்தத்தை மட்டுமே அறியும். எனவே ஒப்புமை முறையைக் குறைபாடுடைய ஒரு முற்படி என்று கொள்வது தவறு. எதிரிலிருந்த கருவியின் மொழியை அது பேசிற்று.

குழாய் மறைந்து திரவப் பளிங்குத் திரை வந்தபோது நிலைமை மாறியது. அத்திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிலையான இடம் உண்டு. இன்ன புள்ளி இவ்வளவு ஒளிரவேண்டும் என்ற எண்ணே அதற்கு வேண்டுவது. கணினியினுள்ளும் படம் எண்ணாகவே இருக்கின்றது. இவ்விரண்டுக்குமிடையே வி.ஜி.ஏ. வடத்தை வைத்தால் நிகழ்வது யாது? கணினி தன் எண்களை மின்னழுத்தமாக மாற்றுகின்றது. வடம் அதனைச் சுமக்கின்றது. திரை அம்மின்னழுத்தத்தை அளந்து மீண்டும் எண்ணாக்குகின்றது. தமிழ்க் கவிதையொன்றை ஒருவர் ஆங்கிலத்தில் ஆக்க, மூலத்தைக் காணாத வேறொருவர் அவ்வாங்கிலத்தைக் கொண்டு மீண்டும் தமிழ் செய்தாற்போல்வது இது. இருவரும் திறமை மிக்கோராயினும் மூலம் அப்படியே திரும்பக் கிடைத்தல் அரிது.

இவ்வீண் மொழிபெயர்ப்பை ஒழிப்பதற்கே 1999இல் டி.வி.ஐ. இணைப்பும், 2002 டிசெம்பரில் எச்.டி.எம்.ஐ. இணைப்பும், 2006இல் டிஸ்பிளேபோர்ட் இணைப்பும் வகுக்கப்பட்டன. எண் எண்ணாகவே சென்று எண்ணாகவே சேர்வது இவற்றின் நெறி. பெரிய கணினி நிறுவனங்கள் சில 2010 டிசெம்பரில் ஒன்றுகூடி வி.ஜி.ஏ. இணைப்பை 2015 அளவில் கைவிடப்போவதாக அறிவித்தன. இன்று வாங்கும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அந்த நீலச் செருகிக்கு இடமில்லை.

இனி, இவ்விரு முறைகளும் பழுதுறும் வகையை நோக்குவோம். ஒரு முறையின் இயல்பை அது செவ்வனே இயங்கும்போது அறிவதினும் அது பழுதுறும்போதே நன்கு அறியலாம்.

பழைய விரிவுரை மண்டபமொன்றில் மேசையிலிருந்து கூரையிலுள்ள புரொஜெக்டர் வரை பதினைந்து மீற்றர் நீளமான வி.ஜி.ஏ. வடம் ஓடியது. வெண்டிரையில் எழுத்துக்களின் வலப்புறத்தே மங்கிய நிழலெழுத்துக்கள் தோன்றும். மாணவர் சிலர் அதனைப் புரொஜெக்டரின் கோளாறு என்றனர். சிலர் தம் கண்ணின் கோளாறோ என்று ஐயுற்றனர். உண்மையில் அது வடத்தின் எதிரொலி. மின்னழுத்தம் வடத்திலே செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது. வரிக்கு 1024 புள்ளிகளும் படத்துக்கு 768 வரிகளும் கொண்டு, செக்கனுக்கு அறுபது படங்கள் அனுப்பும்போது, இடைவெளிகளையும் சேர்த்துச் செக்கனுக்கு 6.5 கோடி புள்ளிகள் செல்லவேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் வடத்திலே மூன்று மீற்றர் நீளத்துக்குப் படுத்திருக்கின்றது என்பது புலனாகும். அதாவது அப்பதினைந்து மீற்றர் வடத்தினுள் எக்கணத்திலும் ஐந்து புள்ளிகளே பயணஞ் செய்துகொண்டிருந்தன. செருகி சரியாகப் பொருந்தாத முனையில் மின்னலை சிறிது தெறித்துப் பின்சென்று, மறுமுனையிலும் தெறித்துத் திரும்பி வருமாயின், அது முப்பது மீற்றர் கூடுதலாக நடந்து, பத்துப் புள்ளிகள் பிந்தி வந்து சேரும். இரண்டு மீற்றர் அகலமான வெண்டிரையிலே பத்துப் புள்ளிகளின் அகலம் இரண்டு சென்ரிமீற்றர் அளவினது. நான் அளவுகோல் கொண்டு நிழலை அளந்தபோது கணக்கு ஒத்துவந்தது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. வடத்தின் நீளத்தைத் திரையே அறிவித்துக்கொண்டிருந்தது!

அம்மண்டபத்துக்குப் பொறுப்பாயிருந்த முதிய ஆய்வுகூட உதவியாளர் இக்கணக்கெதுவும் இன்றியே திரையைப் படிக்கவல்லவராயிருந்தார். வெண்மை மஞ்சளாகத் தோன்றினால் நீலத்துக்குரிய ஊசி வளைந்துள்ளது. இளநீலமாகத் தோன்றினால் சிவப்புப் போய்விட்டது. ஊதாச் சிவப்பாகத் தோன்றினால் பச்சை இல்லை. ஏணியில் ஏறுமுன்னரே கோளாறு எங்குள்ளது என்று கூறிவிடுவார். “தம்பி, படம் தானே தன்ர வருத்தத்தைச் சொல்லுது, நாங்கள் கேட்டாக் காணும்” என்பது அவர் வாய்மொழி. எங்கள் வீட்டுக் கூரையில் தொலைக்காட்சி அன்ரனாவைத் திருப்பிய நாட்களிலும் இதே நிலைதான். ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கூவ, வெண்புள்ளி மழையின் நடுவே முகம் ஒன்று மெல்ல மெல்லத் தெளியும். ஒப்புமை முறை படிப்படியாகக் கெடும், படிப்படியாகவே சீர்படும். எத்துணை கெட்டுள்ளது என்பதை மறைக்க அதற்குத் தெரியாது.

ஆனால் அம்முறையின் இழப்பு அற்பமானதன்று. தமிழ் எழுத்தைத் திரையிற் காட்டும்போது அது மிகவும் தெளிவாகின்றது. நீண்ட வடம் விரைந்த மாற்றங்களையே முதலில் விழுங்கும். பரந்த வெளிகள் தப்பிவிடும். ஓரிரு புள்ளி அகலமான நுண்கூறுகள் மங்கிவிடும். தமிழ் எழுத்தில் ஓரிரு புள்ளி அகலமான நுண்கூறு எது? மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளியே. பின்வரிசையில் இருப்போர்க்குப் ‘பல்’ என்பது ‘பல’ என்றும் ‘நில்’ என்பது ‘நில’ என்றும் தோன்றும். ஆங்கில எழுத்தில் ஒரு புள்ளி மங்கினால் பெரும்பாலும் சொல் மாறாது; தமிழில் உயிர்மெய்யும் மெய்யும் மாறிவிடும். இலக்கண விரிவுரையொன்றில் இவ்விடர்ப்பாட்டைக் கண்ட பின்னரே வடம் பற்றிய என் ஆர்வம் வளர்ந்தது எனலாம்.

இலக்கமுறை வடத்தில் இவ்விழப்பு இல்லை. ஒவ்வொரு நிறத்தின் அளவும் எட்டு இலக்கம் கொண்ட இரும எண்ணாகி, வழியிற் சிதையாதிருக்கும் பொருட்டுப் பத்து இலக்கமாக விரித்தெழுதப்பட்டு, இரட்டைக் கம்பிகளிற் செல்கின்றது. இரு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று எதிரான மின்னழுத்தம் ஓடும். வெளியிரைச்சல் தாக்கினால் இரண்டையும் ஒருங்கே தாக்கும். பெறும் முனை இரண்டின் வேற்றுமையை மட்டுமே நோக்குவதால் இரைச்சல் நீங்கிவிடும். வந்து சேர்ந்த சமிக்ஞை சிறிது நலிந்திருந்தாலும் அது ஒன்றா சுழியமா என்று தீர்மானிக்க முடிந்தால் போதும். தீர்மானித்த பின் நலிவின் சுவடே இராது. புள்ளி புள்ளியாகவே நிற்கும்.

இதன் வேகத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட படம் செக்கனுக்கு அறுபது முறை செல்வதாயின், ஒவ்வொரு நிறத்துக்குமுரிய கம்பிச் சோடியில் செக்கனுக்கு ஏறக்குறைய 148.5 கோடி இரும இலக்கங்கள் ஓடவேண்டும். அவ்வேகத்தில் ஓர் இலக்கம் வடத்திலே பிடிக்கும் இடம் ஒரு சாணினும் குறைவு. புள்ளிகளை நான்கு மடங்காக்கினால் அது ஒன்றரை அங்குலத்துக்கும் குறைந்துவிடும். அடுத்தடுத்த இலக்கங்கள் இவ்வாறு நெருங்க நெருங்க, நீண்ட வடத்திலே ஒன்றன் வால் மற்றொன்றின் தலையிற் படியும். ஓர் எல்லை வரை பெறும் முனை பிரித்தறிந்துகொள்ளும். எல்லையை அண்மியதும் திரையில் அங்குமிங்கும் மின்மினி போலப் பொறிகள் தோன்றும். எல்லை கடந்ததும் திரை கறுத்துவிடும். நேற்று வரை குறையின்றித் தோன்றிய படம் இன்று முற்றாக இல்லை. மலைச்சரிவில் இறங்குவதற்கும் செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து வீழ்வதற்கும் உள்ள வேற்றுமை இது. வளைந்த ஊசியைத் திரையின் நிறங் கொண்டு கண்டறிந்த அம்முதியவர் கறுத்த திரையின் முன்னே செய்வதறியாது நின்றதையும் நான் கண்டிருக்கின்றேன். அவருடைய கல்வி பயனற்றுப் போயிற்றென்று கூறமாட்டேன். கேட்பதற்குத் திரையில் ஒரு குரல் இல்லாது போயிற்று.

இவ்வேற்றுமையை அறியாமையால் விளையும் மயக்கமொன்றைக் கடைத்தெருவிற் காணலாம். கொழும்பில் ஒரு கடையில் எச்.டி.எம்.ஐ. வடம் கேட்டபோது, விற்பனையாளர் பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த வடமொன்றைக் காட்டி, “சேர், இதிலெண்டால் கலர் நல்ல கடுமையா வரும்” என்றார். அவர் பொய்யுரைத்தார் என்று நான் கருதவில்லை. ஒப்புமைக் காலத்தில் அக்கூற்று மெய்யாகவே இருந்தது. நல்ல வடம் நல்ல நிறந் தந்தது. இலக்கமுறையில் எண் பிழையின்றிச் சேருமாயின் மலிவான வடத்திலும் அதே எண்தான், அதே நிறந்தான். விலையுயர்ந்த வடத்தால் நீண்ட தூரத்துக்கு எண் பிழையின்றிச் சேரக்கூடும். சேர்ந்த எண்ணைச் செம்மைப்படுத்த அதனால் இயலாது. முறை மாறிவிட்டது, முறைபற்றிய நம் நம்பிக்கைகள் மாறவில்லை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. ஒப்புமை வடத்திற் படம் ஒரு திசையிலேயே ஓடும்; பெறுவது எக்கருவி என்று அனுப்பும் கருவி பெரும்பாலும் பொருட்படுத்தாது. இலக்க இணைப்பிலோ இருமுனைகளும் உரையாடுகின்றன. திரை தன் பருமனையும் திறனையும் அறிவிக்கின்றது. பதிப்புரிமை காக்கும் பொருட்டு, ‘நீ ஏற்புடைய கருவிதானா?’ என்று கணினி வினவுகின்றது. விலை கொடுத்து வாங்கிய திரைப்பட வட்டொன்றை மாணவர்க்குக் காட்ட முற்பட்டபோது, பழைய புரொஜெக்டர் அவ்வினாவுக்கு விடையிறுக்க இயலாமையால் திரை இருண்டே கிடந்த அனுபவம் எனக்குண்டு. அன்று கைகொடுத்தது பழைய நீலச் செருகியே.

இனித் தமிழ் பயில்வோர்க்கு நெருக்கமான ஒரு கருத்தைக் கூற விரும்புகின்றேன். இலக்கமுறை இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று எண்ணுகின்றோம். எழுத்து என்பதே ஓர் இலக்கமுறைதான். ஓவியத்தைப் படியெடுப்போன் கோட்டின் வளைவையும் நிறத்தின் செறிவையும் ஒத்திருக்குமாறு வரைகின்றான். ஒவ்வொரு படியிலும் மூலத்திலிருந்து சிறிது விலகுகின்றான். அது ஒப்புமை. ஏட்டைப் படியெடுப்போன் அவ்வாறு செய்வதில்லை. இஃது இன்ன எழுத்து என்று தெளிந்து, அதனைத் தன் கையாற் புதிதாக எழுதுகின்றான். தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழனுள் அது ஒன்றாதல் வேண்டும்; ககரத்துக்கும் சகரத்துக்கும் நடுவே ஓர் எழுத்து இல்லை. ஆகவே மூல ஏட்டின் கறையும் எழுத்தாணியின் நடுக்கமும் படியில் வருவதில்லை. ஏடு மக்கிப் போயினும் பாட்டு இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்த இரகசியம் இதுவே.

ஆயின் இம்முறைக்குரிய தீங்கும் ஏட்டிலே உண்டு. படியெடுப்போன் ஓரெழுத்தைப் பிறழக் கொண்டானாயின், அப்பிழை மங்கலான எழுத்தாக நில்லாது. தெளிவான வேறெழுத்தாகவே நிற்கும். பின் வருவோன் ஐயுறக் காரணமே இராது. பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லாமையாலும், ரகரமும் காலும் ஒரே வடிவின ஆதலாலும் இவ்விடர் பெருகிற்று. நீண்ட வடம் விழுங்கிய அதே புள்ளியை, ஏடு கிழியுமென்று அஞ்சி எழுதுவோரும் விட்டுவிட்டனர் என்பது வியத்தற்குரிய ஒற்றுமை. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும், அவரையொத்த பதிப்பாசிரியர்களும் இப்பிழைகளை எவ்வாறு கண்டனர்? எதுகையும் மோனையும் சீரும் தளையும் கொண்டு கண்டனர். ஓரெழுத்துப் போனால் தளை தட்டும். தளை தட்டினால் பிழையுண்டு என்று அறியலாம். பல ஏடுகளை ஒப்புநோக்கியும் கண்டனர். ஒன்றிற் பிழைத்தது மற்றொன்றிற் பிழையாதிருக்கும். இன்று கணினிக் கோப்பொன்றின் எண்களையெல்லாம் கொண்டு கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பெண்ணை அதனுடன் சேர்த்து வைப்பதும், பல படிகளைப் பல இடங்களில் வைத்து ஒப்புநோக்குவதும் அவ்விரண்டு வழிகளேயன்றி வேறல்ல.

இப்பொழுது நாடாக்களிடம் திரும்பலாம். ஒளிநாடா முற்றிலும் ஒப்புமை முறையைச் சார்ந்தது. நமது நாட்டில் வழங்கிய பால் முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். அவற்றுட் காணத்தக்கவை 576. வீட்டுப் பாவனைக்கான வி.எச்.எஸ். நாடா கிடைவரியொன்றிலே ஏறத்தாழ 240 நுண்கோடுகளையே பிரித்துக் காட்டவல்லது. சிவப்பு நிறம் தன் எல்லை கடந்து வலப்புறம் கசியும். வடமோடிக் கூத்தனின் செம்பட்டுடுப்பு ஆட்டத்தின் வேகத்திலே தீப்பிழம்பு போற் பரவுவதை அந்நாடாக்களில் நான் கண்டேன். அதனை அழகென்று கூறியோரும் உளர். அது நாடாவின் வறுமை. ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும்போது இவ்வறுமை மேலும் மிகும். இத்துணைக் குறைந்த செல்வத்தில் இழப்பதற்கு நம்மிடம் மிச்சமில்லை.

ஆகவே நாடா ஒப்புமையிலிருந்து இலக்கத்துக்குக் கடக்கும் அவ்வொரு கணமே முழுமுதல் முக்கியம் வாய்ந்தது. அக்கணத்தில் இழந்ததை எக்காலத்தும் மீட்கவியலாது. இலக்கமாகிய பின் அவ்விழப்பும் பிழையின்றிப் படியெடுக்கப்பட்டு நிலைபெற்றுவிடும். ஏடெழுதுவோன் கொண்ட பிறழ்ச்சி போல அது தெளிவாகவே நிற்கும். நாடா இயக்கியின் பின்புறத்து மஞ்சள் நிறச் செருகி வழியாக மாற்றினால் ஒளியளவும் நிறமும் ஒரே கம்பியிற் கலந்து செல்லும். மறுமுனையிற் பிரிக்கும்போது முழுமையாகப் பிரியாமல், உருவங்களின் விளிம்பில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் ஊரும். எஸ்-வீடியோ எனப்படும் நான்கூசிச் செருகி ஒளியளவையும் நிறத்தையும் தனித்தனியே கொண்டுசெல்லும். நாடாவிலே அவை பிரிந்தே பதிவாகியிருத்தலின், அவற்றைக் கலந்து பின் பிரிக்கும் வீண் வேலை இங்கில்லை. அச்செருகி சில இயக்கிகளில் மட்டுமே உண்டு; தேடிப் பெறுதல் வேண்டும். வடம் குறுகியதாக இருத்தல் வேண்டும். இயக்கியின் வாசிப்புத் தலை துப்புரவாக்கப்படல் வேண்டும். கோப்பினைச் சுருக்கும் ஆசைக்கு இடமளித்தல் ஆகாது.

நாடாவை எறிந்துவிடலாமா என்ற வினாவுக்கும் இதனால் விடை கிட்டுகின்றது. ஆகாது. நலிந்த நாடா நலிந்தவாறேனும் எதையோ காட்டும்; கூத்தரின் முகம் மங்கினாலும் மத்தளவொலி கேட்கும். கெட்ட கோப்பு ஒன்றும் காட்டாது விடலாம். நாடா ஒப்புமையின் நேர்மையையும், கோப்பு இலக்கத்தின் ஆயுளையும் உடையன. ஒன்றன் குறையை மற்றொன்றே நிறைவு செய்யவல்லது. கோப்பின் ஆயுளும் அது பல இடங்களில் இருந்தாலன்றி ஆயுளாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் நூல்களும் அழிந்தன. படியெடுத்தல் எத்துணை எளிதாயினும் எடுத்தாலன்றிப் படி இல்லை என்பதை நம்மவர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மூன்று படிகள், மூன்று ஊர்களில், ஆண்டுக்கொருமுறை சரிபார்ப்பு: இதுவே நான் முன்வைக்கும் ஆலோசனை.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. வி.எச்.எஸ். இயக்கிகளை உற்பத்தி செய்துவந்த கடைசி நிறுவனமும் 2016 யூலையில் அதனை நிறுத்திவிட்டது. இன்றுள்ள இயக்கிகள் பழுதுற்றால் உதிரிப்பாகம் பெறுவது அரிது; அவற்றைத் திருத்தத் தெரிந்தோரும் ஓய்வு பெற்றுவருகின்றனர். நாடாக்களின் காந்தப்பூச்சு நமது நாட்டு ஈரக்காற்றிலே பூஞ்சணம் பிடிக்கின்றது. கூத்தில் ஆடியோர் சிலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். எந்நாடாவில் எக்கூத்து, யார் அண்ணாவியார், யார் எப்பாத்திரம் என்று கூற அவர்களாலேயே இயலும். அவ்விவரங்களை நாடாவும் கூறாது, கோப்பும் கூறாது.

நாடாக்களின் முதற்பட்டியல் அணியமாகிவிட்டது. எஸ்-வீடியோச் செருகி உள்ள இயக்கியொன்று எவர் வீட்டிலேனும் பயனற்றுக் கிடக்குமாயின் அதனைச் சங்கத்துக்குத் தந்துதவுமாறும், அடுத்த விடுமுறையில் வாரத்துக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கக்கூடிய மாணவர் தம் பெயரைச் செயலாளரிடம் பதிவு செய்யுமாறும் வேண்டிக்கொள்கின்றேன். விஞ்ஞானபீட மாணவரும் கலைப்பீட மாணவரும் அவ்வேலையில் ஒருங்கே அமர்தல் வேண்டும். வடத்தை அறிந்தோர்க்குக் கூத்தும், கூத்தை அறிந்தோர்க்கு வடமும் தெரிந்திருத்தல் நன்று.